மூன்று லாடத்தில் ஒரு காலி ஸ்டூல்

என் கணவர் நார்மன் பெல் பிப்ரவரியில் காலமானார். வாழ்ந்தது போலவே சிக்கனமாகப் போய்ச் சேர்ந்தார். டி.வி.யில் மத்தியான வேளையில் விளம்பரம் வருமே, பாட்டு கிடையாது, பூ கிடையாது, பாதிரியார் கிடையாது, வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய் எரித்து, சாம்பலை வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் என்று, அந்தத் திட்டத்தில் அவரே முன்கூட்டிச் சேர்ந்து வைத்திருந்தார். "உனக்கு எதுக்கு பெரில் வீண் சிரமம்?" என்றார். சாம்பல் வந்த அன்று கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு செருப்புப் பார்சல் அதே நேரத்தில் வந்தது. அதையும் வாங்கி வைத்தேன்.

இதில் மிகவும் அடிபட்டுப் போனவர்கள் 'மூன்று லாடம்' பப்பில் இருந்த அவருடைய சகாக்கள். ஒரு மனிதர் நாற்பது வருஷம் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுத் திடீரென்று வராமல் போனால், அழுவதற்கு ஓர் இடமும் குடிப்பதற்கு ஒரு சாக்கும் வேண்டாமா? ஆகவே கூடிப் பேசி, அவர் உட்கார்ந்த ஸ்டூலில் பித்தளைத் தகடு அடித்து, இனி அதில் யாரும் உட்காரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். லண்டன் ஓரத்தில் இருக்கும் எங்கள் பெக்கன்ஹாமில் இது வழக்கம்தான். ஆள் உயிரோடு இருக்கும்போது "கொஞ்சம் நகர்ந்து உட்காரேன்" என்போம். செத்த பிறகு அவன் இடத்தை ராஜாவே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம்.

சகாக்களின் தலைவர் பேரி எனக்குப் போன் செய்தார். குரலை வைத்துப் பார்த்தால் போன் இல்லாமலேயே கேட்டிருக்கும்.

"அண்ணி! நான் பேரி பேசறேன்! நார்மனோட ஃப்ரெண்டு! காது கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. ஏன் இப்படிக் கத்தறீங்க?"

"நீங்க சிரமப்படாதீங்க அண்ணி. படுத்தபடியே பேசுங்க."

நான் அப்போது ஏணியின் மேல்படியில் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை மத்தியானம் தகடு திறப்பு. நீங்கதான் துணியை இழுக்கணும். வர்றதைப் பத்திக் கவலையே படாதீங்க. பின்பக்கம் பீப்பா உருட்டற சரிவு ஒண்ணு இருக்கு. நானும் ராயும் இன்னும் ரெண்டு பேரும் உங்களைத் தூக்கிடுவோம்."

காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தொடர்ந்து விஷயத்துக்கு வந்தார். பப் நடத்தும் டெஸ் முரண்டு பிடிக்கிறானாம். சமையலறையை அவன் ஒரு தாய்லாந்துக்காரிக்கு வாடகைக்கு விட்டதிலிருந்து கூட்டம் அலைமோதுகிறதாம். உட்கார இடமில்லாமல் ஜனம் ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடும்போது ஒரு ஸ்டூலைச் சும்மா போட்டு வைக்க முடியாது என்கிறானாம். "குடும்பத்துலேருந்து நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் வாயைத் திறக்க முடியாது அண்ணி. ஸ்டூல் இருக்கறதும் போறதும் உங்க கையிலதான்."

சரி என்றேன். ஸ்டூலுக்காக அல்ல. நான் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நார்மன் தினமும் சாயங்காலம் மூன்று லாடத்துக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புவார். நான் தட்டு வைப்பேன். மூன்று முள்கரண்டி வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். "வயிறு சரியில்ல பெரில்." ஆரம்பத்தில் மிளகு காரணம் என்று மிளகை நிறுத்தினேன். அப்புறம் வெங்காயம் போயிற்று. பூண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைவதே நின்றது. கடைசியில் உருளைக்கிழங்கை அவித்து, பட்டாணியை அவித்து, மீனையும் அவித்து, மூன்றும் ஒரே நிறத்தில் ஒரே ருசியில் இருக்கும்படி சமைக்கக் கற்றுக்கொண்டேன். அதையும் மூன்று முள்கரண்டிதான் சாப்பிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான இரைப்பையைத் தான் பார்த்ததில்லை என்றார் டாக்டர். ஆக, கோளாறு வயிற்றில் இல்லை. அப்படியென்றால் என் சமையல் பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா? நாற்பது வருஷம் ஒரு பெண் இதை நினைத்துக்கொண்டு உருளைக்கிழங்குத் தோல் சீவியிருக்கிறாள். அந்த மூன்று லாடத்தில் என்ன இருந்தது, என் வீட்டில் என்ன இல்லை? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை. "அது முரட்டு ஆம்பளைங்க கூடற இடம் பெரில், காது கொடுத்துக் கேக்க முடியாது" என்பார் நார்மன்.

சனிக்கிழமை நடந்தே போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெருதான். முரட்டு ஆண்கள் கூடும் அந்த இடத்தின் வாசலில் ஆறேழு குழந்தை வண்டிகள் நின்றன. உள்ளே பிறந்தநாள் பலூன் கட்டிய மேஜையில் பெண்கள் கூட்டம் ஒன்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. கருத்துப்போன பழைய மரப்பலகைச் சுவர், பீர் ஊறிய கம்பளம், மேஜைக்கடியில் நாய்கள், டி.வி.யில் கால்பந்து, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு தாளிக்கும் வாசனை. என் நாக்கு அதைக் கண்டதும் வெட்கமில்லாமல் ஊறியது.

"நான் பெரில் பெல்" என்றேன்.

கல்லாவை ஒட்டி நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. நடுவில், நல்ல சூட் போட்டு நின்ற பருமனான மனிதர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கால்களைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் சக்கர நாற்காலி ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். அவர்தான் பேரி.

"அண்ணி... நீங்க நடந்து வர்றீங்க!"

"ஓடி வரணுமா?"

"இல்ல... நீங்க எந்திரிச்சே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சேன்னு..."

பக்கத்தில் இருந்த ஒல்லி மனிதர், ராய், கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "பேரி, டேய். இவங்க ஸ்கூல் வாசல்ல நிக்கறவங்கடா. மஞ்சள் கோட்டு, கையில பலகை. என் பேத்தியை தெனமும் ரோடு தாண்ட விடறது இவங்கதான்!"

உண்மைதான். பள்ளிக்கூட வாசலில் லாரிகளையும் பஸ்களையும் கை காட்டி நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவது என் வேலை. மழையிலும் பனியிலும் நிற்பேன். ராய் எனக்கு வருஷக்கணக்கில் "குட் மார்னிங்" சொல்லியிருக்கிறார். பெயர் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை அல்லவா. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமல் அவர் செத்ததும் தேம்பி அழும் அளவுக்கு நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

"நான் படுத்த படுக்கைன்னு யார் சொன்னது?" என்று கேட்டேன். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

பேரி தொண்டையைச் செருமினார். "ரவுண்டு வாங்கற முறை ஒவ்வொருத்தருக்கா வருமில்லையா அண்ணி. நான் எல்லாருக்கும் வாங்குவேன், அப்புறம் ராய் வாங்குவான். நார்மன் முறை வர்றப்போ பாத்தா, கரெக்டா கடிகாரத்தைப் பாப்பான். 'ஐயோ, பெரிலுக்கு மருந்து குடுக்கணும்'னு கோட்டை மாட்டிக்கிட்டு ஓடுவான்."

"தினமுமா?"

"தினமும். நாங்க கண்ணைத் தொடைச்சுக்குவோம். பொண்டாட்டின்னா இப்படிப் பாக்கணும்டான்னு என் மகனுக்கே புத்தி சொல்லிருக்கேன்."

"நாற்பது வருஷத்துல ஒரு ரவுண்டுகூட அவர் வாங்கினதில்லையா?"

எல்லோரும் தங்கள் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டார்கள். செத்தவனைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பப்காரன் டெஸ் மட்டும் கிளாஸ் துடைத்தபடி, இல்லை என்று மெல்லத் தலையாட்டினான்.

பேரி அவசரமாக என் கையில் துணியின் நுனியைக் கொடுத்தார். இழுத்தேன். கைதட்டினார்கள். ஸ்டூலின் விளிம்பில் பளபளவென்று தகடு. 'நார்மன் பெல். அன்பான கணவர். இது அவர் இடம்.' அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். எல்லோரும் அதைத் துக்கத்தில் வரும் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கைதட்டினார்கள்.

அப்போதுதான் கல்லாவை ஒட்டிய சமையலறைச் சாளரம் வழியாக ஒரு தட்டு வந்தது. அதன் பின்னாலேயே ஏப்ரன் கட்டிய ஒரு பெண், ஐம்பது வயசிருக்கும், கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தட்டை நார்மனின் ஸ்டூலுக்கு எதிரே கல்லா மேல் வைத்தாள். சோறு, துளசி இலை போட்டு வதக்கிய கொத்துக்கறி, மேலே விளிம்பு மொறுமொறுத்த முட்டை. பக்கத்தில் ஒரு சின்ன கிளாஸ் பீர். கைகூப்பிக் கண்ணை மூடினாள். சமையலறைக்காரி பிம் இவள்தான் என்று டெஸ் என் காதில் சொன்னான். "முதல் நாள் ஊதுபத்தி ஏத்திட்டா. அலாரம் அடிச்சு ஃபயர் எஞ்சின் வந்துடுச்சு. இப்ப ஊதுபத்தி இல்லாமதான்."

"யாருக்கு இந்தச் சாப்பாடு?" என்று பிம்மைக் கேட்டேன்.

"இந்த வீட்டுச் சாமிக்கு அக்கா" என்றாள் அவள், இது கூடத் தெரியாதா என்பது போல. "இவங்கெல்லாம் அவருக்கு இடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. யாரும் உக்கார்றதில்ல. டார்ட்ஸ் அம்பு எறியறதுக்கு முன்னாடி அந்த ஸ்டூலைத் தொட்டுட்டுப் போறாங்க. அப்ப அவர்தானே காவல்? ஆனா இடம் மட்டும் குடுத்துட்டு சோறு வைக்கலன்னா கோவம் வராதா? பாத்தேன். இவங்களுக்கு வெவரம் பத்தாது. நானே வைக்கறேன்."

கணவர்களைக் கும்பிடும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் கணவரை இன்னொருத்தி கும்பிடுவதை அன்றுதான் பார்த்தேன்.

"அவருக்கு இதெல்லாம் ஆகாதும்மா" என்றேன். "பூண்டுன்னாலே வயித்தைப் பிடிச்சுக்குவாரு. நீ இங்க சமைக்க வரக் கூடாதுன்னு தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினதே அவர்தான். என்கிட்டயும் வாங்கினாரு."

"ஆமா, வாங்கினாரு. நான் வந்த மொத வாரம். ரெண்டாவது வாரம் மோந்து பாத்தாரு. மூணாவது வாரத்துலேருந்து தெனமும் இதே தட்டு. பூண்டு ஜாஸ்தி, மொளகா ஜாஸ்தி. 'பிம், போன தடவை காரம் பத்தல'ம்பாரு. சாப்பிட்டு முடிச்சு ஒரு புதினா மிட்டாய் கேப்பாரு."

புதினா மிட்டாய். குடித்த வாடை எனக்குப் பிடிக்காது என்பதற்காக மென்றுகொண்டு வருகிறார், எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

"இதுக்கு முன்னாடி?" என்று டெஸ்ஸிடம் கேட்டேன். "பிம் வர்றதுக்கு முன்னாடி?"

"கறி வெச்ச மீட் பை சாப்பிடுவாரு பெரில் அம்மா. இல்லன்னா சாஸேஜ், சிப்ஸ்." டெஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வீட்ல சமைக்க ஆள் இல்லன்னு சொல்வாரு."

ஆக, வயிறு சரியில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. வயிறு நிறைந்திருந்தது. என் சமையல் பிடிக்காமல் போகும் அளவுக்கு அவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

பிம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் சந்தோஷம். "அக்கா, நீங்க நல்லா ஆயிட்டீங்க! என் கஞ்சிதானே?"

"எந்தக் கஞ்சி?"

"தெனமும் ஒரு டப்பாவுல அவர்கிட்ட குடுத்து விடுவேனே. கோழி, இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி. காரம் இல்லாம, நோயாளிக்குத் தோதா. மறுநாள் கேப்பேன், அக்கா என்ன சொன்னாங்கன்னு. 'பெரில் ஒரு சொட்டு வைக்கல, கண்ல தண்ணி விட்டுட்டா'ம்பாரு."

எங்கள் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ஆணி ஒரு டப்பாவில், திருகாணி ஒரு டப்பாவில் என்று பிளாஸ்டிக் டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. இத்தனை டப்பாக்கள் இவருக்கு எங்கிருந்து கிடைக்கின்றன என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறார். பத்தடி தள்ளி அடுப்படியில் நான் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். ஆனால் பசி கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்டூலைக் கல்லாவுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டேன். ஏறி உட்கார்ந்தேன்.

தகடு திறந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பேரியின் வாய் திறந்தது, மூடியது. நாய் கடித்தால்கூட மன்னிப்புக் கேட்கும் ஜனங்கள் நாங்கள்.

"சாமி சாப்பிட்டு முடிச்சாச்சா?" என்று பிம்மைக் கேட்டேன்.

"ஆச்சு அக்கா. கும்பிட்டப்புறம் யார் வேணா சாப்பிடலாம்."

முட்டையை உடைத்துச் சோற்றில் கலந்து வாயில் போட்டேன். பூண்டு, மிளகாய், மீன் சாற்றின் உப்பு, அந்த இலையின் வாசம். நாக்கு தீப்பற்றியது. என் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. பேரி அதைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்து, தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். காரம்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முழுவதும் காரம் இல்லை. இவ்வளவு ருசி இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறது. என் நாக்குக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் அவித்த பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தேன். துக்கமாக இருந்தது. தட்டைக் காலி செய்தேன்.

பிம் கவலையோடு நின்றாள். "அக்கா, நீங்க அவர் எடத்துல உக்காந்துட்டா நாளைலேருந்து அவருக்கு எங்க வைக்கறது?"

"ஜன்னல் விளிம்புல வை. உருளைக்கிழங்கை உப்பில்லாம அவிச்சு வை. வயிறு சரியில்லாத மனுஷன்."

டெஸ் முதலில் சிரித்தான். அப்புறம் பலூன் மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் பேரியே மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷமா ஏமாத்திட்டானே படுபாவி" என்றார், கொஞ்சம் பெருமையோடு. ரவுண்டு வாங்காமல் நாற்பது வருஷம் தப்பித்தவன் எங்கள் ஊரில் வீரன்தான்.

ராய் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எல்லாமே ஏமாத்தா இருக்க முடியாது அண்ணி" என்றார். "ரவுண்டுக்காகன்னா மருந்துன்னு ஒரு வார்த்தை போதுமே. அவன் அதுக்கு மேலயும் சொல்லுவான். யாரும் கேக்காமலே சொல்லுவான். ராத்திரி உங்களை ஜன்னல் பக்கம் திருப்பி உக்கார வெச்சு தலை வாரி விடுவானாம். 'பெரிலுக்கு முடி நீளம் ராய், சிக்கு விழுந்தா வலிக்கும், கீழேருந்து மெதுவா எடுக்கணும்'பான். அதைச் சொல்றப்போ அவன் குரலே தழைஞ்சு போயிடும். நான் என் கண்ணால பாத்திருக்கேன். அது நடிப்பு இல்ல."

சொல்லிக்கொண்டே ராய் என் தலையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முடியைக் காதுக்கு மேல் வெட்டிக்கொள்கிறவள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருக்கிறாள். அவள் பெயரும் பெரில். அவளுக்கு நீள முடி. அவளால் எழுந்திருக்க முடியாது, எங்கும் போக முடியாது, லாரியை நிறுத்த முடியாது, ஏணியில் ஏற முடியாது. அவளுக்கு நார்மனை விட்டால் யாருமில்லை. தினமும் சாயங்காலம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அவளோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அதை முடித்துக்கொண்டு, இரண்டு காலும் நன்றாக இருக்கும் என்னிடம் வந்து தட்டைத் தள்ளியிருக்கிறார். அவரிடம் அன்பே இல்லை என்றுதான் இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது. இல்லாத ஒருத்திக்கு அதைக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

"வேற என்ன சொல்லுவாரு, அவளைப் பத்தி?" என்று கேட்டேன்.

ராய் சொன்னார். பேரியும் சேர்ந்துகொண்டார். அவளுக்கு இடியென்றால் பயமாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாளாம். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. டி.வி.யில் யாரோ கோல் போட்டுப் பப்பே எழுந்து கத்தியபோதுகூட, "அப்புறம்?" என்றேன்.

எல்லாம் சொல்லி முடித்த பின் டெஸ் கல்லா மேல் சாய்ந்துகொண்டு மெல்லக் கேட்டான். "பெரில் அம்மா, இப்ப சொல்லுங்க. ஸ்டூலை என்ன செய்யட்டும்? காலியா விட்டுடட்டுமா?"

பேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றேன். "அவரும் போயிட்டாரு, அவர் பொண்டாட்டியும் அவர் கூடவே போயிட்டா. நாளைலேருந்து சாயங்காலம் நான் வருவேன். யாரும் தூக்க வேண்டாம், நடந்தே வருவேன்."